சராசரி மூளைக்காரர் தோர்கில்ட்

எல்மவிக் நகர மருத்துவமனையில் கட்டில் தள்ளும் வேலை பார்த்த தோர்கில்ட் பிரான்ட்ஸ்ட்ரூப் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் பெருமைப்பட்டார்: தன் மூளையில் எந்த விசேஷமும் இல்லை என்பதற்காக.

டென்மார்க்கில் இதைவிடப் பாதுகாப்பான பெருமை கிடையாது. தன்னை மற்றவரைவிட ஒரு படி மேலாக நினைப்பது அங்கே பொது இடத்தில் மூக்கு நோண்டுவதற்குச் சமம். வீட்டில் யாரும் பார்க்காதபோது செய்துகொள்ளலாம், வெளியே கூடாது. ஆனால் ஒருவன் தன்னை எல்லோரையும்விடச் சாதாரணமானவன் என்று நினைத்துக்கொண்டால் அவனை யார் என்ன சொல்ல முடியும்? தோர்கில்ட் இந்த இடுக்கைக் கண்டுபிடித்து இருபத்தோரு வருடம் அதற்குள் குடியிருந்தார். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பிளாஸ்டிக் உறை போட்ட அவருடைய மூளைப் படம் ஒட்டியிருக்கும். ஆரஞ்சும் மஞ்சளுமாக, பிளந்து வைத்த வால்நட் பருப்பு மாதிரி. கீழே ‘48’ என்று அச்சிட்டிருக்கும். விருந்தினர் பால் எடுக்கப் போனால், "அது ஒண்ணுமில்ல, சும்மா, நம்ம தலைதான்," என்று கூச்சத்தோடு சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அந்த நாற்பத்தெட்டின் கதை இது.

தோர்கில்டுக்கு நாற்பது வயதானபோது மருத்துவமனைக்கு மூளையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன் இயந்திரம் வந்தது. கழுத்து வழியாக மேலேறும் இரத்தத்தை அந்த இயந்திரம் காந்தத்தால் தொட்டு ஓர் அடையாளம் வைக்கும். இரண்டு வினாடி பொறுத்து, அந்த இரத்தம் மூளையில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று படம் எடுக்கும். அடையாளம் வைக்காமலும் ஒரு படம் எடுக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் நிற்பதுதான் ஓட்டம்: நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லி. ஊசி இல்லை, சாயம் இல்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று மாதாமாதம் யார் சொல்வது? தண்ணீர்ப் புட்டியை உள்ளே வைத்தால் படம் வரும், ஓட்டம் வராது. அதற்கு உயிருள்ள ஒரு தலை வேண்டும். அதே தலை மாதாமாதம் வர வேண்டும்.

துறைத் தலைவர் ஹோல்கர் தலை தேடி மருத்துவமனை முழுக்க நடந்தார். கடைசியில் மின்தூக்கியில் ஒரு காலிக் கட்டிலோடு நின்ற தோர்கில்டைப் பார்த்தார்.

"உன் உயரம் என்ன?"

"நூத்தி எண்பது. ஏன், கட்டில் மாத்தணுமா?"

"செருப்பு அளவு?"

"நாப்பத்து மூணு."

"யாருக்கு ஓட்டுப் போடுவ?"

"நடுவுல ஒண்ணு இருக்கே, அதுக்கு."

"முட்டை எப்படிச் சாப்பிடுவ?"

"ரொம்ப வேகவும் கூடாது, வேகாமலும் இருக்கக் கூடாது."

ஹோல்கர் மின்தூக்கியை நிறுத்தியே விட்டார். "உன்ன மாதிரி ஆளத்தான்யா ஒரு மாசமா தேடிக்கிட்டு இருக்கேன்!" என்றார். தலைமை மருத்துவர் கட்டில் தள்ளுபவரை நீ என்பதும், கட்டில் தள்ளுபவர் தலைமை மருத்துவரை நீ என்பதும் அங்கே சட்டம் போடாத சட்டம். ஆகவே தோர்கில்ட், "நீ நல்லா இருக்கியா, ஹோல்கர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அடுத்த செவ்வாய் தோர்கில்டின் தலை இயந்திரத்துக்குள் போனது. நாற்பத்தெட்டு வந்தது. அன்று முதல் எல்மவிக் நகரில் மனித மூளையின் இயல்பான இரத்த ஓட்டம் நாற்பத்தெட்டு என்று தீர்மானமாயிற்று.

ஒரு நிபந்தனை இருந்தது. முந்தைய நாள் இரவு எட்டு மணியிலிருந்து காப்பி, தேநீர், சாக்லேட், பீர் எதுவும் கூடாது. காப்பி மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் ஏழாவது கேள்வி: ‘காப்பி அருந்தினீர்களா?’

அந்த முதல் செவ்வாய் பிப்ரவரி மாதம். தோர்கில்ட் ஆறு கிலோமீட்டர் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்து கட்டில் தள்ளுபவர்களின் அறையில் நுழைந்தபோது மணி ஆறு நாற்பது. காப்பி தயாராக இருந்தது. கை போயிற்று. வாய் குடித்தது. இரண்டு கோப்பை. மூளை இதில் கலந்துகொள்ளவே இல்லை. பிறகு உப்பு அதிமதுர மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்ப் படிவத்தைப் பார்த்தார். பல் மருத்துவர் "தினமும் நூல் போட்டுச் சுத்தம் பண்றியா?" என்று கேட்பாரே, அந்த ரகக் கேள்வியாக ஏழாவது கேள்வி அவருக்குப் பட்டது. இதற்கு எல்லோரும் சொல்லும் ஒரு பதில் இருக்கிறது. ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டார்.

அடுத்த மாதம்தான் அவருக்கு யோசனை வந்தது. இப்போது குடிக்காமல் போனால் எண் மாறிவிடாதா? மாறினால் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைக்க மாட்டார்களா? அளவுகோல் என்றால் மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே அறிவியலின் மேல் உள்ள மரியாதையால் மட்டுமே, மாதத்தின் முதல் செவ்வாய் காலை ஆறு நாற்பதுக்கு இரண்டு கோப்பை காப்பியும் ஓர் அதிமதுர மிட்டாயும் என்று வகுத்துக்கொண்டார். ஒரு கோப்பை என்றைக்கும் இல்லை, மூன்றும் இல்லை. யோர்ன் என்று ஒரு சக ஊழியன், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, சராசரி?" என்றால் கோப்பையைக் கையால் மூடிக்கொள்வார். ஏமாற்று வேலையை இவ்வளவு நேர்மையாகச் செய்தவர் அந்த மாவட்டத்திலேயே இல்லை.

பலன் வந்தது. இருநூற்று ஐம்பத்திரண்டு முறை நாற்பத்தெட்டு. அதில் ஒன்றிரண்டு தடவை மட்டும் நாற்பத்தேழரை. அது காய்ச்சல் காலம்.

இதற்கிடையில் ஊரில் வேறொரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. ஆய்வுகளுக்கு வந்த பொதுமக்கள் பாவம், சொன்னபடி காப்பி குடிக்காமலே வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அறுபது, அறுபத்திரண்டு என்று வந்தது. ‘இயல்பு’ நாற்பத்தெட்டாயிற்றே! ஹோல்கர் ஆராய்ந்தார். எல்மவிக் மக்களின் மூளையில் இரத்தம் அமோகமாக ஓடுவதற்குக் காரணம் சைக்கிள் என்று முதல் கட்டுரை எழுதினார். ஊறுகாய் ஹெரிங் மீன் என்று இரண்டாவது. கடல் காற்றும் நியாயமான வரியும் என்று ஐந்தாவது. ஊர் எல்லைப் பலகையில் நகராட்சி ஒரு வரி சேர்த்தது: ‘எல்மவிக் – நன்றாக ஓடும் ஊர்.’ நல்லவேளையாக நோயாளிகளுக்கு மருந்து எழுதும்போது மூளையின் இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடுதான் ஒப்பிட்டார்கள். தோர்கில்டின் எண் கட்டுரைக்கும் பலகைக்கும் மட்டுமே பயன்பட்டதால் யாருக்கும் சேதமில்லை.

இந்த இருபத்தோரு வருடமும் இயந்திரத்தை இயக்கியவள் மெரேத்தே. ஒவ்வொரு முதல் செவ்வாயும் அவள் சூடு காட்டிய போர்வையைக் கொண்டு வந்து அவர் மேல் போர்த்துவாள், காதுக்கு அடைப்பு கொடுப்பாள், தாடையைப் பிடித்துக் கட்டைவிரல் அகலம் திருப்புவாள், முகத்துக்கு மேல் கூண்டை மாட்டுவாள். பிறகு கண்ணாடிக்கு அப்பால் போய் ஒலிபெருக்கியில், "அசையாதே," என்பாள். தோர்கில்டின் மனைவி அவரைவிடக் கொஞ்சம் விசேஷமான ஒருவரோடு போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவருக்குப் போர்வை போர்த்திவிட உலகத்தில் இருந்த ஒரே ஆள் மெரேத்தேதான். இதை அவர் ஒருபோதும் யோசித்ததில்லை. செவ்வாய்க் கிழமைகளில் புதுச் சட்டை போடுவார், அவ்வளவுதான்.

போன வருடம் பழைய இயந்திரம் ஓய்வுபெற்றுப் புதியது வந்தது. கூடவே அதைச் சரிபார்க்க நார்வேயிலிருந்து சிக்ருன் என்று ஒரு இயற்பியலாளரும் வந்தாள். சிக்ருன் வெந்நீர் மட்டும் குடிப்பாள். வேறெதுவும் கலக்காத வெறும் வெந்நீர். அப்படிப்பட்டவர்களை நம்பிப் பொறுப்பான வேலை கொடுக்கக் கூடாது என்று யோர்ன் அன்றைக்கே எச்சரித்தான்.

அந்த மாதத்தின் முதல் செவ்வாயன்று காலை ஆறு மணிக்கே வரச்சொல்லி, வாசலிலேயே தோர்கில்டைப் பிடித்தாள் சிக்ருன்.

"நீதானே அந்த அளவுகோல்? வா, என் அறையிலேயே உக்காரு. ஸ்கேன் மதியம் ஒரு மணிக்கு."

"ஒரு மணியா? எப்பவும் ஏழே முக்கால்தானே?"

"புது மெஷினு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். சாப்பாடு, தூக்கம், எல்லாம் என் கண்ணு முன்னாடி."

"நான் கீழ போயிட்டு ஒரு நிமிஷத்துல..."

"எதுக்கு?"

எதற்கு என்று சொல்ல முடியாத இடத்தில் தோர்கில்ட் உட்கார்ந்தார். அவள் வெந்நீர் கொடுத்தாள். ஒன்பது மணிக்குத் தாழ்வாரத்தில் காப்பி வண்டி கடகடவென்று போனது. அவருடைய மூக்கு அதோடு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. பதினொரு மணிக்குப் பொட்டில் யாரோ ஆணி அடிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு மணிக்கு அறுபத்து மூன்று வந்தது. நான்கு மணிக்கு மறுபடி எடுத்தார்கள். அறுபத்தாறு.

இயந்திரம் செய்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து தண்ணீர்ப் புட்டிகளை வைத்து இரண்டு நாள் சோதித்தான். இயந்திரத்தில் குறையில்லை. தோர்கில்டைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை; கிலோக் கல்லை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. மிச்சம் இருந்தது மெரேத்தேயின் கைதான். கழுத்தில் அடையாளம் வைக்கும் இடத்தை அவள்தான் குறிப்பாள். அது நகர்ந்தால் கணக்கும் நகரும்.

வியாழக்கிழமை கூட்டம் போட்டார்கள். அளவுகோல் என்ற முறையில் தோர்கில்டையும் அழைத்திருந்தார்கள்.

"நாம யாரையும் குத்தம் சொல்லல," என்றார் ஹோல்கர்.

எல்லோரும் தலையசைத்தார்கள்.

"யாரு பண்ணாங்கங்கறதே கேள்வி இல்ல," என்றார் இன்னொரு முறை. "நாம எல்லாரும் ஒரே குழு."

டென்மார்க்கில் ஒருவரைக் குற்றம் சொல்லவில்லை என்று இரண்டு முறை சொன்னால் அவர் பையைக் கட்டிக்கொள்ளலாம். மூன்றாவது முறை சொல்வதற்குள் மெரேத்தேயே, "எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டாள்.

"மூட்டுப் பிரிவு. முழங்கால் ஸ்கேன். அங்கயும் நல்ல ஆளுங்கதான்," என்றார் ஹோல்கர். "வர்ற செவ்வாய்லேருந்து."

"முழங்கால்ல ரத்தம் ஓடுறத யாரும் அளக்கறதில்ல," என்றாள் மெரேத்தே.

"அதனாலதான் அங்க டென்ஷன் கம்மி."

தோர்கில்ட் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் குளிர்சாதனப் பெட்டிக் கதவு, நாற்பத்தெட்டு, ஊர் எல்லைப் பலகை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மூடிக்கொண்டார்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவர் மற்றவர்களுக்குக் கேக் கொண்டு வர வேண்டும். திட்டு, விசாரணை, மன்னிப்புக் கடிதம் எதுவும் கிடையாது. கேக் சாப்பிட்டு முடிந்ததும் தவறும் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை மெரேத்தே எலுமிச்சைக் கேக்கோடு வந்தாள். அவளே வீட்டில் செய்தது. மேலே சர்க்கரைப் பாகு வெடிப்பு விடாமல் ஒரே சீராக இருந்தது. கை நடுங்குபவள் ஊற்றிய பாகு அல்ல அது.

"எடுத்துக்கோ, தோர்கில்ட்," என்று தட்டை நீட்டினாள்.

எடுத்தார். நல்ல கேக். வாயில் கேக் இருக்கும்வரை பேச வேண்டியதில்லை என்று இன்னொரு துண்டு எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையைச் சமாளிக்க மூன்றாவது துண்டு எடுத்தார்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப."

"நல்லது," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோர்கில்ட் பால் எடுக்கப் பெட்டியைத் திறந்த போதெல்லாம் அந்த ஆரஞ்சு வால்நட் பருப்பு அவரைப் பார்த்தது. ஞாயிறு மாலை காப்பியைப் பால் இல்லாமலே குடித்தார். சொல்லிவிட்டால் அப்புறம் அவர் யார்? கட்டில் தள்ளுகிற ஒரு ஆள். இன்னும் மோசம்: காப்பி குடிக்காத தன் மூளையில் ஓட்டம் எக்கச்சக்கம் என்று ஆகிவிட்டால், சாதாரண ஆள்கூட இல்லை. சொல்லாவிட்டால் அடுத்த மாதச் செவ்வாயன்று வேறு யாரோ வந்து போர்வை போர்த்துவார்கள். சூடு காட்டாத போர்வை.

திங்கள் காலை ஆறு மணிக்கு ரொட்டிக் கடையில் நின்றார்.

"புருன்ஸ்விகர் வேணும்," என்றார். பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் உருகி வழியும் கேக் அது. அந்த ஊரில் பிறந்தநாளுக்கும் துக்கத்துக்கும் அதுதான்.

"எத்தனை பேருக்கு?" என்றாள் கடைக்காரி.

"எத்தனை தப்புக்குன்னு கேளு. இருநூத்தி அம்பத்தி ரெண்டு."

அவள் அடுப்பின் முழுத்தட்டை அப்படியே எடுத்துக் கட்டினாள்.

அதைக் காலிக் கட்டில் ஒன்றில் ஏற்றி, இரண்டு பக்கக் கம்பியையும் உயர்த்தி, தள்ளிக்கொண்டு துறைக்குள் நுழைந்தார். ஹோல்கர் முகம் மலர்ந்து, மேசைக்கு நடுவில் வைக்கும் சின்னக் கொடியைத் தேடி இழுப்பறையைத் திறந்தார்.

"யாருக்குப் பொறந்தநாள்?"

"யாருக்கும் இல்ல."

ஹோல்கர் கொடியை மெதுவாக உள்ளே வைத்தார். பிறந்தநாள் இல்லாத கேக் என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு பெரியதை யாரும் பார்த்ததில்லை.

"காப்பி," என்றார் தோர்கில்ட். "ரெண்டு கப். ஒவ்வொரு தடவையும். ஆறு நாப்பதுக்கு."

"எப்பலேருந்து?" என்றாள் சிக்ருன்.

"முதல் நாள்லேருந்து. மெரேத்தே கையில ஒரு தப்பும் இல்ல. புது மெஷினும் சரிதான். அந்த அறுபத்து மூணுதான் நான்."

ஹோல்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உதடுகள் அசைந்தன. கட்டுரைகளை எண்ணுகிறார் என்று தெரிந்தது. "ஹெரிங் மீனு..." என்றார். பிறகு, "சைக்கிளுமா?" என்றார்.

"எனக்கு சைக்கிள் பத்தித் தெரியாது, ஹோல்கர்."

சிக்ருனுக்குக் கோபமே வரவில்லை. அவள் முகத்தில் முதல்முறையாக இரத்த ஓட்டம் தெரிந்தது. "ரெண்டு கப் குடி. இப்பவே," என்றாள். "கீழ இருக்கற அதே காப்பி, அதே கப்பு!" ஒரு மணி நேரம் கழித்து இயந்திரத்தில் படுக்க வைத்தார்கள். மெரேத்தேதான் இடம் குறித்தாள்.

நாற்பத்தெட்டு.

மெரேத்தே மூட்டுப் பிரிவுக்குப் போகவில்லை. அந்த உத்தரவை யார் போட்டது என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் ஒரே குழு.

தோர்கில்டை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு குழு அமைந்தது. மூன்று முறை கூடினார்கள். இருபத்தோரு வருடக் கட்டுரைகள், ஓர் எல்லைப் பலகை, ஹோல்கரின் ஓய்வு விழாவுக்கு அச்சடித்து வைத்த அழைப்பிதழ், இவை எல்லாவற்றையும் திருத்துவதா, ஒரு படிவத்தைத் திருத்துவதா என்பதுதான் கேள்வி. அறிவியல் எப்போதும் எளிய விடையையே விரும்பும். படிவத்தைத் திருத்தினார்கள். மனித மூளையின் இயல்பு நிலை என்பது இரண்டு கோப்பை காப்பிக்குப் பிந்தைய நிலை என்று வரையறுக்கப்பட்டது. இனி எல்லோரும் ஸ்கேனுக்கு முன் குடித்துவிட்டே வர வேண்டும்.

சிக்ருன் இதோடு விடவில்லை. காப்பி என்றால் எந்தக் காப்பி? ஆகவே கட்டில் தள்ளுபவர்களின் அறையில் பதினோரு வருடமாகக் கழுவாமல் இருந்த காப்பிப் பாத்திரத்தை அளவுக் கருவியாக அறிவித்தாள். அதற்கு ஒரு எண் ஒட்டினார்கள். ‘கழுவக் கூடாது’ என்று சிவப்பில் ஒரு சீட்டும் ஒட்டி மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

"உன்னால நாங்க இப்ப வெந்நீர் குடிக்கறோம், சராசரி," என்றான் யோர்ன். "நார்வே ஜெயிச்சுருச்சு."

இனிமேல் தோர்கில்ட் ஒரு சாட்சியின் முன்னால், கடிகாரம் பார்த்து, நூற்று எண்பது மில்லி வீதம் இரண்டு முறை குடிக்க வேண்டும். சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தோரு வருடம் ருசித்த காப்பி, அனுமதி கிடைத்த முதல் நாளே மருந்தாகிவிட்டது.

அடுத்த முதல் செவ்வாய். ஏழாவது கேள்வியில் ‘ஆம்’ என்று குறி போட்டுவிட்டுப் படுத்தார். மெரேத்தே போர்வையோடு வந்தாள். சூடாக இருந்தது.

"மெரேத்தே, அந்த எலுமிச்சைக் கேக்குக்கு மன்னிச்சுக்கோ. உன் தப்பே இல்லாம..."

"என் தப்புதான்."

"என்னது?"

அவள் அவர் தாடையைப் பிடித்துக் கட்டைவிரல் அகலம் திருப்பினாள். "இருபத்தோரு வருஷமா உன் மூஞ்சிக்கு மேல குனியறேன். அதிமதுர மிட்டாய் போட்டா காப்பி வாசனை போயிரும்னு உனக்கு யாரு சொன்னது?"

தோர்கில்டுக்கு வாயை மூடுவதா திறப்பதா என்று தெரியவில்லை.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீயே சொல்லாதத நான் எப்படிச் சொல்றது? அப்புறம் உன்ன எடுத்துட்டு வேற ஏதாவது தலையப் போட்டிருப்பாங்க." காதடைப்பை எடுத்தாள். "நானும் மறைச்சேன். அதுக்குத்தான் அந்தக் கேக்கு."

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே! முழங்காலுக்கு அனுப்பப் பாத்தாங்களே!"

"நீ சொல்லுவியான்னு பாத்தேன். முதல் துண்டுல சொல்லிருவன்னு நினைச்சேன். மூணாவது துண்டு எடுத்தப்ப, சரி, முழங்கால்தான்னு முடிவு பண்ணிட்டேன்." காதை அடைத்து, முகத்துக்கு மேல் கூண்டை மாட்டிவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் போனாள்.

"அசையாதே," என்றது ஒலிபெருக்கி.

அவர் அசையவில்லை. ஆனால் அன்று ஐம்பத்தொன்று வந்தது.

குழு அவசரமாகக் கூடியது. இயந்திரம் சரி, கை சரி, கோப்பை சரி, சாட்சியின் கையெழுத்தும் சரி. சந்தேகம் பாத்திரத்தின் மேல் விழுந்தது. நெருக்கிக் கேட்டதில், மாடிக்குப் போகும் முன் அதை ஒரே ஒரு தடவை வெந்நீரில் அலசியதாக யோர்ன் ஒப்புக்கொண்டான். வெள்ளிக்கிழமை அவன் கேக் கொண்டு வந்தான், ஆப்பிள் கேக். செவ்வாய் இல்லாவிட்டாலும் தோர்கில்ட் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மெரேத்தேவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார்.